மார்க்குக் கத்தியும் உலைக் கத்தியும்

இடம்பெயர்ந்த குடும்பம் ஒன்று சொந்தக் காணிக்குத் திரும்பும் நாளில் அதற்கு முதலில் வேண்டியிருப்பது ஒரு கத்தி. வீடும் கிணறும் மலசலகூடமும் உதவிப் பட்டியலில் மேலே எழுதப்பட்டிருக்கும். ஆனால் நாயுண்ணியும் ஈச்சையும் உடைமரமும் மூடிக் கிடக்கும் காணிக்குள் நுழைந்து எல்லைக் கல்லைத் தேடுவதற்குக் கத்திதான் வேண்டும். 1990ஆம் ஆண்டில் வலிகாமம் வடக்கிலிருந்து எழும்ப நேர்ந்த மக்களுக்கு, 2009க்குப் பின்னர் கட்டம் கட்டமாகக் காணிகள் விடுவிக்கப்பட்டபோது, இருபது முப்பது வருடத்துப் பற்றைகள் அங்கே வளர்ந்திருந்தன. தங்கள் முறை வருமென்று உறவினர் வளவுகளிலும் குத்தகைக் காணிகளிலும் இன்னமும் இருப்போரும் உள்ளனர். ஆகையால் ஒரு கத்தியின் விலையையும் தரத்தையும் பற்றி இத்தனை பக்கம் எழுதுவதை எவரும் வேடிக்கையாக எண்ண மாட்டார்கள் என்று நம்புகிறோம்.

கிராமச் சங்கக் கூட்டங்களில் எம்மிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. சுவிற்சர்லாந்தில் இருக்கும் தம்பியோ மச்சானோ விடுமுறைக்கு ஊருக்கு வருகிறார். "அங்கையிருந்து என்ன கொண்டு வர?" என்று தொலைபேசியில் கேட்கிறார். அந்த நாட்டு விக்டோரினொக்ஸ் கத்தி பேர்பெற்றது என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதைக் கேட்கலாமா, அது கொடுக்கும் காசுக்குத் தகுமா என்பதுதான் கேள்வி. கடையில் வேறு வேறு மார்க்குகளுடன் கிடக்கும் கத்திகளைப் பற்றியும் இதே கேள்வி எழுகிறது. எமது விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அந்தக் கத்தி குசினிக்குத் தகும், ஒட்டுக் கட்டுபவருக்குத் தகும், காணி வெட்டுவதற்குத் தகாது. காணிக் கத்திக்குரிய காசு எமது ஊர்க் கொல்லருக்கே போக வேண்டும். ஆனால் அவரிடமும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது.

விலை என்பதை முதலில் பார்ப்போம். ஒரு கத்தி 800 ரூபா, இன்னொன்று 3,200 ரூபா என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது ஒரு போகத்துடன் பிடி கழன்று வாய் சுருண்டு போகிறது. இரண்டாவது எட்டுப் போகம் உழைக்கிறது. அப்படியானால் ஒரு போகத்துக்கு முதலாவதன் செலவு 800 ரூபா, இரண்டாவதன் செலவு 400 ரூபா. இந்தக் கணக்கு எமது மக்களுக்குத் தெரியாததல்ல. கையில் 3,200 ரூபா ஒரே தடவையில் இல்லாததால்தான் அவர்கள் 800 ரூபாக் கத்தியைத் தூக்குகிறார்கள். 2022ஆம் ஆண்டில் ஓர் அமெரிக்க டொலரின் விலை சில மாதங்களுக்குள் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியதை நாம் மறக்கவில்லை. வெளியிலிருந்து இறக்கப்படும் இரும்புச் சாமான் ஒவ்வொன்றிலும் அந்த ஏற்றம் தெரிந்தது. எனவே "நல்லதை வாங்குங்கள், நாள்பட உழைக்கும்" என்று புத்தி சொல்வது மட்டும் போதாது. எது நல்லது என்பதைக் கடை வாசலிலேயே கண்டுபிடிக்கும் வழியையும், காசைப் பகுதி பகுதியாகக் கொடுக்கும் வழியையும் சொல்ல வேண்டும்.

கத்தியின் உயிர் அதன் உருக்கிலும், உருக்கைத் தோய்த்த முறையிலும் இருக்கிறது. மார்க்கு அதன் பிறகு வருவது. இரும்புடன் சிறிதளவு காபன் சேரும்போது அது உருக்காகிறது. கட்டட வேலைக்குப் பயன்படும் சாதாரண மென்னுருக்கில் நூற்றுக்கு 0.2 வீதமளவில்தான் காபன் இருக்கும். அதை எத்தனை தடவை காய்ச்சித் தண்ணீரில் அமிழ்த்தினாலும் நல்ல கத்தி வாய்க்கு வேண்டிய கடினம் வராது. லொறியின் வில்லுத் தகட்டில் 0.5 முதல் 0.6 வீதம் வரை காபன் உண்டு. பாரத்தையும் குலுக்கத்தையும் வருடக்கணக்காகத் தாங்குவதற்கென்றே செய்யப்பட்ட உருக்கு அது. அதனால்தான் எமது கொல்லர்கள் பழைய வில்லுத் தகட்டைக் கண்டால் விடுவதில்லை. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் வடக்கிற்கு இரும்புச் சாமான் வருவது அரிதாக இருந்தபோது, எமது மண்வெட்டியையும் கத்தியையும் தாங்கி நின்றது இப்படிப்பட்ட பழைய இரும்புதான்.

தோய்ச்சல் என்பது இரண்டு வேலை. கத்தியைச் செந்தணலாகக் காய்ச்சி எண்ணெயிலோ தண்ணீரிலோ சட்டென்று அமிழ்த்துவது முதல் வேலை. அப்போது உருக்கு கண்ணாடி போல் கடினமாகிறது. கண்ணாடி போலவே உடையவும் செய்யும். பிறகு மெதுவான சூட்டில் மீண்டும் காட்டி அந்தக் கடினத்தில் ஒரு பங்கைத் தணிக்க வேண்டும். மினுக்கிய அலகின் மேல் வைக்கோல் நிறம், அதன்பின் கபிலம், ஊதா, நீலம் என்று நிறம் ஓடுவதைப் பார்த்துக் கைதேர்ந்த கொல்லர் அதை எங்கே நிறுத்த வேண்டும் என்று அறிவார். சவரக் கத்திக்கு வைக்கோல் நிறத்தில் நிறுத்துவார். பற்றை வெட்டும் கத்தியை நீலத்தை நெருங்க விடுவார். எவ்வளவு காய்ச்சியது போதும் என்பதற்குக் காந்தத்தையும் பயன்படுத்தலாம். உருக்கு ஏறத்தாழ 770 பாகை செல்சியசை அடையும்போது காந்தம் அதில் ஒட்டாது போகும். அதற்குச் சற்று மேலே போனதும் அமிழ்த்த வேண்டும். இளம் கொல்லர்கள் கண்ணை மட்டும் நம்பாமல் பழைய ஒலிபெருக்கிக் காந்தம் ஒன்றைப் பட்டறையில் வைத்துக்கொள்வது நல்லது.

இந்தத் தீவு உருக்குத் தொழிலுக்குப் புதியதல்ல. பலாங்கொடைக்கு அண்மையிலுள்ள சமனலவெவப் பகுதியில், பருவக்காற்று வீசும் மலைச் சரிவுகளில், துருத்தியே இல்லாமல் காற்றின் பலத்தால் எரிந்த பழைய உலைகளைத் தொல்லியலாளர் ஜில் ஜுலெப் கண்டறிந்து 1996இல் உலகுக்கு அறிவித்தார். ஆயிரம் வருடங்களுக்கு முன்னர் அங்கே உயர்ந்த காபன் கொண்ட உருக்கு எடுக்கப்பட்டிருக்கிறது. வெளிநாட்டுப் பெயர் பொறித்தால்தான் உருக்கு என்று எண்ணுவோருக்கு இதைச் சொல்லி வைக்கிறோம்.

இனி அந்தச் சுவிஸ் கத்தியின் கதைக்கு வருவோம். கத்தியை விட அந்தக் கதையே எமக்கு அதிகம் பயன்படக் கூடியது.

இன்று செல்வந்த நாடாகிய சுவிற்சர்லாந்தின் பல மலைப் பிரதேசங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வறிய கமக்காரப் பிரதேசங்களாக இருந்தன. பிழைப்புத் தேடி இளைஞர்கள் கடல் கடந்து போனார்கள். ஷ்வீஸ் மாநிலத்தில் இபாக் என்னும் ஊரில் 1884ஆம் ஆண்டு கார்ல் எல்செனர் என்பவர் கத்திப் பட்டறை ஒன்றைத் தொடங்கினார். அக்காலத்தில் சுவிஸ் இராணுவத்துக்குப் புதிதாகத் தேவைப்பட்ட மடக்குக் கத்திகள் ஜேர்மனியின் சோலிங்கன் நகரிலிருந்து வாங்கப்பட்டன. சொந்த நாட்டுப் படைவீரனின் கத்தியைச் சொந்த நாட்டுக் கத்தித் தொழிலாளரே செய்ய வேண்டும் என்று எல்செனர் மற்றத் தொழிலாளர்களைச் சேர்த்து ஒரு சங்கம் அமைத்தார். 1891இல் முதல் தொகுதிக் கத்திகளை இராணுவத்திடம் ஒப்படைத்தார்கள்.

கதை அத்துடன் நல்லபடி முடியவில்லை. சோலிங்கனின் பெரிய தொழிற்சாலைகள் அதே கத்தியைக் குறைந்த விலைக்குக் கொடுத்தன. சங்கத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக விலகிப் போனார்கள். எல்செனர் தனித்து நின்று கடனில் மூழ்கினார். உறவினர்கள் கைகொடுத்ததால்தான் பட்டறை மூடப்படவில்லை. அவர் இன்னும் இலேசான, கூடுதல் கருவிகள் கொண்ட கத்தி ஒன்றை அமைத்து 1897இல் பதிவு செய்தார். அதை இராணுவம் அதிகாரிகளுக்கு வழங்கவில்லை. அதிகாரிகள் தம் சொந்தக் காசில் வாங்கினார்கள். அதிலிருந்துதான் பட்டறை நிமிர்ந்தது. 1909இல் இறந்த தம் தாயாரின் பெயராகிய விக்டோரியா என்பதை எல்செனர் தம் கத்திக்கு இட்டார். கறள் பிடியாத உருக்கு வந்தபின் 1921இல் அதைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் பகுதியாகிய 'இனொக்ஸ்' அதனுடன் சேர்ந்து விக்டோரினொக்ஸ் ஆயிற்று. 2001இல் அமெரிக்காவில் நடந்த விமானத் தாக்குதல்களுக்குப் பின்னர் விமானக் கைப்பைகளில் கத்தி தடை செய்யப்பட்டு விற்பனை பெரிதும் விழுந்தபோது, இந்த நிறுவனம் ஆட்களை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. சிலரைச் சில காலம் வேறு நிறுவனங்களில் வேலை செய்ய அனுப்பிச் சமாளித்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. இன்று உலகம் முழுவதும் பேர்பெற்ற ஒரு மார்க்கு, வறிய கமக்கார மாநிலம் ஒன்றின் ஊர்க் கொல்லுப் பட்டறையாகத் தொடங்கியது. ஒழுங்காகக் கொள்வனவு செய்யும் ஒருவர் அதற்குக் கிடைத்தார். மலிவு விலைப் போட்டி அதை ஏறக்குறைய அழித்தது. தரத்தை விடாமல் பிடித்ததாலும் சொந்த இனத்தார் கடன் கொடுத்ததாலும் அது தப்பியது. எமது ஊர்களில் இந்த நான்கில் மூன்றாவது மட்டுமே நடந்துகொண்டிருக்கிறது.

மார்க்கு என்பதன் பெறுமதியையும் இங்கே பேச வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரக் கத்திகளே உயர்ந்தவை எனப் பேர்பெற்றிருந்தன. ஜேர்மனியில் செய்த மலிவுக் கத்திகளில் ஷெபீல்ட் பெயரைப் பொறித்து விற்றவர்கள் இருந்தார்கள். இதைத் தடுக்க பிரித்தானியா 1887இல் வணிகக் குறிச் சட்டத்தைக் கொண்டு வந்தது. அதன் விளைவாக அந்நாட்டுக்குள் வரும் பொருட்களில் 'ஜேர்மனியில் செய்யப்பட்டது' என்று எழுத வேண்டி வந்தது. வாங்குவோரை எச்சரிக்க வைத்த அந்த எழுத்து, ஜேர்மன் தொழிலாளர் தரத்தை உயர்த்தியதால், சில பத்து வருடங்களில் வாங்குவோரை இழுக்கும் எழுத்தாக மாறியது. சோலிங்கனும் பிற்காலத்தில் தன் பெயரைப் பிறர் களவாடுவதைத் தடுக்க, 1938இல் சட்டப் பாதுகாப்புப் பெற்றது. ஆகவே மார்க்கு ஒன்று பெறுமதி பெறுவது, பிழை வந்தால் போய்க் கேட்பதற்கு அதன் பின்னால் ஒருவர் இருப்பதால்தான். கேட்க ஆளில்லாத மார்க்கு வெறும் மையாகும். எமது நகரக் கடைகளில் பளபளக்கும் பல மார்க்குகள் இந்த வகையைச் சேர்ந்தவை.

குசினிக் கத்தியில் விக்டோரினொக்ஸ் தகும் என்றோம். அந்த நிறுவனத்தின் குசினிக் கத்திகளில் ஏறத்தாழ 0.5 வீதம் காபனும் 15 வீதமளவு குரோமியமும் சேர்ந்த உருக்கு உண்டு. மீனும் புளியும் தேசிக்காயும் பட்டு உடனே கறள் பிடிக்காது. மிகக் கடினமாகத் தோய்த்ததுமல்ல. அதனால் சாதாரண சாணைக்கல்லிலோ மட்பாத்திரத்தின் அடியிலோ நாலு தரம் இழுத்தால் கூர் திரும்பி வரும். இதுதான் ஏழைக் குடும்பத்துக்கு வேண்டிய குணம். இதைவிட மும்மடங்கு விலையுள்ள மிகக் கடினமான ஜப்பானிய உருக்குக் கத்தி எமது வீடுகளில் ஒரு மாட்டெலும்பில் பட்டால் வாய் உதிர்ந்துபோகும். அவர்களின் கத்திகளில் எமக்கு மிகப் பிடித்தது விரல் நீளத்துக்குச் சற்றுக் கூடிய சிறிய மரக்கறிக் கத்தி. அங்கே விற்கும் கத்திகளில் அதுவே மலிவானது. வெங்காயம் மிளகாய் வெட்டவும், பனங்கிழங்கு சீவவும், சிறு மீன் துப்புரவு செய்யவும் அது போதும். மச்சானிடம் கேட்பதானால் அதில் இரண்டைக் கேளுங்கள். பெட்டியில் வைத்த பெரிய கத்தியைக் கேட்க வேண்டாம்.

இன்னொரு சாட்சியும் உண்டு. தாய்லாந்தில் செய்யப்படும் கிவி மார்க்குக் கத்தி, ஐரோப்பிய நகரங்களின் ஆசியக் கடைகளில் மிக மலிவாக விற்கப்படுகிறது. மெல்லிய தகடு, மரப்பிடி, மென்மையான உருக்கு. சீக்கிரம் மழுங்கும், சீக்கிரம் கூராகும். தேங்காய் உடைக்கவோ எலும்பு தறிக்கவோ உதவாது. ஆனால் மரக்கறி வெட்டுவதில் தன்னைவிடப் பல மடங்கு விலையுள்ள கத்திக்கு அது குறைந்ததல்ல. விலையும் தரமும் ஒன்றாக ஏறுவதில்லை என்பதற்கு அந்தக் கத்தி போதும்.

ஒட்டுக் கட்டுவோருக்கான விசேட கத்தியையும் விக்டோரினொக்ஸ் செய்கிறது. மா, தோடை, தேசிக்கு ஒட்டுக் கட்டி நாற்றுமேடை வைத்து வருமானம் தேடும் குடும்பங்கள் எமது திட்டங்களில் உள்ளன. ஒட்டுக் கட்டும் வெட்டு ஒரே இழுப்பில் கண்ணாடி போல் விழ வேண்டும். பிசிறினால் ஒட்டுப் பிடியாது. இப்படிப்பட்டவருக்கு அந்தக் கத்தி ஒரு தொழிற் கருவி. அதற்குக் கொடுக்கும் காசு வீண் அல்ல. பத்துக் கருவி மடங்கியிருக்கும் சிவப்புப் பைக்கத்தியோ வேறு கதை. அதில் உள்ள திருகாணிச் சாவியும் கத்தரிக்கோலும் நன்றாகவே செய்யப்பட்டவை. ஆயினும் எமது ஊரில் அது பெரும்பாலும் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டுவதற்கே உதவுவதைக் காண்கிறோம். அன்பளிப்பாக வந்தால் வாங்கி வையுங்கள்.

காணிக் கத்தி முற்றிலும் வேறு. அதற்குப் பாரம் வேண்டும், முதுகு தடிப்பாக இருக்க வேண்டும், மரக்கணுவில் மோதினால் வளைந்து கொடுத்து மீள வேண்டும். எமது கொடுவாக்கத்தியின் முனை உள்நோக்கி வளைந்திருப்பதற்குக் காரணம் உண்டு. கொடியையும் முள்ளையும் அது தன்னை நோக்கி இழுத்து வெட்டுகிறது. கை முள்ளுக்குள் போகத் தேவையில்லை. இந்த அமைப்பு எமது காணி வேலைக்குப் பொருந்தியது. பனையோலை வெட்டும் கத்தியும் பாளை சீவும் கத்தியும் சத்தகமும் அப்படித்தான். ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு ஊரின் கைக்கும் ஏற்ப வளைக்கப்பட்டது. இவற்றின் வாய் கல்லில் பட்டு உடைந்தால் மீண்டும் உலையில் வைத்து அடித்து வாய் எடுக்கலாம். ஒரு நல்ல உலைக் கத்தி இப்படி மூன்று நான்கு தடவை மறுபிறவி எடுக்கும். தொழிற்சாலைக் கத்தியை எமது உலையில் வைத்தால் அதன் தோய்ச்சல் கெட்டுவிடும்.

ஆனால் கொல்லரின் கத்தி எல்லாம் நல்லது என்று நாம் சொல்லவில்லை. கட்டடக் கம்பியைத் தட்டையாக்கிக் கத்தி என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். அவசரத்தில் இரண்டாம் சூடு காட்டாமல் விடுவோரும் உண்டு. அந்தக் கத்தி முதல் வாரத்தில் பிரமாதமாக வெட்டி, இரண்டாம் வாரத்தில் வாய் பல்லுப் பல்லாக உதிரும். வாங்குமுன் ஒரு பழைய அரத்தை எடுத்து வாயருகில் மெல்ல இழுத்துப் பாருங்கள். வெண்ணெயில் போவது போல் அரம் கடித்துக்கொண்டு போனால் அது தோயாத இரும்பு. கொஞ்சமும் கடிக்காமல் வழுக்கினால் தோய்ச்சல் கூடிவிட்டது. தயங்கித் தயங்கிக் கடித்தால் நல்லது. பிறகு கத்தியை நூலில் தொங்கவிட்டு இன்னொரு இரும்பால் தட்டுங்கள். மணி போல் நீண்டு ஒலிக்க வேண்டும். உடைந்த சட்டி போல் ஒலித்தால் உள்ளே வெடிப்பு இருக்கலாம். முதுகை ஒரு கண்ணால் நேரே பார்த்தால் வளைவு தெரியும். பிடிக்குள் போகும் இரும்பு பிடியின் நீளத்தில் பாதிக்காவது போகிறதா என்று கேட்க வெட்கப்பட வேண்டாம். கத்தியின் பிடி கழன்று அலகு பறந்து காலில் விழுந்தால், ஒரு போகத்து உழைப்பே போய்விடும்.

கடையில் மினுங்கும் எவர்சில்வர்க் கத்தி வாங்குவோர் ஒரு சிறு காந்தம் கொண்டு போகலாம். கத்திக்கு உகந்த கறள்படாத உருக்குக் காந்தத்தில் ஒட்டும். ஒட்டவில்லையென்றால் அது பெரும்பாலும் கரண்டியும் கோப்பையும் செய்யும் உலோகம். அதைத் தோய்த்துக் கடினமாக்க முடியாது. காந்தம் ஒட்டினால் மட்டும் கத்தி நல்லதென்று ஆகாது. ஒட்டாவிட்டால் திருப்பி வைத்துவிடலாம். எதை வாங்கினாலும் பற்றுச்சீட்டுக் கேளுங்கள். 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, கேட்பவருக்கு அதைக் கொடுப்பது வியாபாரியின் கடமை. சீட்டில்லாமல் திருப்பிக் கொடுக்கப் போனால் "இது எங்கடை கடைச் சாமான் இல்லை" என்ற பதில்தான் கிடைக்கும்.

இவ்விடத்தில் உதவி நிறுவனங்களுக்கும் எமக்குமே சேர்த்து ஒரு வார்த்தை. மீள்குடியேற்றத்தின்போது கமத்தொழில் உபகரணப் பொதிகள் வழங்கப்பட்டதை வாசகர்கள் அறிவர். ஒரு நிறுவனம் கொடுத்த பொதியை நாமே பிரித்துப் பார்த்தோம். மண்வெட்டியும் கத்தியும் அழகிய கடதாசி மார்க்குடன் இருந்தன. கத்தியின் வாய் முதல் நாளே உடைமரத்தில் சுருண்டது. கேள்விப்பத்திரம் கோரி ஆகக் குறைந்த விலைக்காரரிடம் ஆயிரக்கணக்கில் வாங்கியதன் பலன் அது. கணக்குப் பரிசோதகருக்கு அந்தக் கொள்வனவில் ஒரு குறையும் தெரிந்திராது. அந்தக் கிராமத்துக்கு ஐந்து மைல் தூரத்தில் கொல்லர் ஒருவர் வேலையில்லாமல் உலையை மூடிவிட்டு மேசன் வேலைக்கு உதவியாளாகப் போய்க்கொண்டிருந்தார். எல்செனரின் சங்கத்துக்குச் சோலிங்கன் செய்ததை எமது கொல்லருக்கு எமது நிவாரணமே செய்தது.

ஆகவே எமது ஆலோசனை இதுதான். கிராம அபிவிருத்திச் சங்கங்களும் மாதர் சங்கங்களும் தம் அங்கத்தவர்களுக்கு வேண்டிய கத்திகளை ஒன்றாகக் கணக்கிட்டு, ஊர்க் கொல்லர் ஒருவரிடம் அல்லது இருவரிடம் மொத்தமாக ஓடர் கொடுக்க வேண்டும். முதலில் இரண்டு மாதிரிக் கத்தி செய்வித்து, அங்கத்தவர் இருவர் ஒரு மாதம் பாவித்துப் பார்க்கட்டும். திருப்தியானால் வில்லுத் தகடு வாங்க முற்பணம் கொடுக்கலாம். ஒரு போகத்துக்குள் வாய் சுருண்டாலோ பிடி கழன்றாலோ கூலியின்றித் திருத்தித் தருவதென்று எழுத்தில் உடன்பட வேண்டும். அங்கத்தவர் கத்தியின் விலையைச் சங்கத்துக்கு மூன்று தவணையில் கட்டலாம். சேமிப்புக் குழு நடத்தும் இடங்களில் இது ஒன்றும் புதிய ஏற்பாடு அல்ல. வெளிநாட்டு உறவினர் ஊருக்கு ஏதாவது செய்ய விரும்பினால், துருத்திக்குப் பதிலாக மின்விசிறி ஊதி ஒன்றோ நல்ல சாணைச் சக்கரம் ஒன்றோ அந்தப் பட்டறைக்கு வாங்கிக் கொடுக்கச் சொல்லுங்கள். ஐம்பது வீட்டுக் கத்திக்கு அது கூர் தரும்.

கொல்லரும் தம் பெயரின் முதலெழுத்தையோ ஒரு சிறு குறியையோ கத்தியின் முதுகில் பொளிந்து விட வேண்டும். இது எமது உறுதியான கருத்து. கூச்சப்படுவார். "என்ரை பேரைப் போட்டு ஆர் வாங்குறது?" என்பார். பேர் போட்ட பிறகு கெட்ட கத்தியை அவர் சந்தைக்கு அனுப்ப மாட்டார். அயல் ஊரார் அந்தக் குறியைத் தேடி வருவார்கள்.

அவர் கூச்சப்படுவதற்கு எமது சமூகமும் காரணம். கத்தி அடிப்பவரை வாசலில் நிற்க வைத்து, அறுவடையில் ஒரு மரைக்கால் நெல் அளந்து, அதற்கும் பேரம் பேசிய பழக்கம் எம்மிடையே இருந்தது. பல இடப்பெயர்வுகளில் ஒரே கொட்டிலில் படுத்த பின்னும் அது முற்றாகப் போய்விட்டதென்று எம்மால் சொல்ல முடியவில்லை. கடையில் மார்க்குக் கத்திக்குக் கேட்ட காசைக் கொடுப்பவர், உலைக்கு வந்ததும் இருநூறு ரூபா குறைக்கச் சொல்கிறார். கொல்லரின் மகன் முச்சக்கரவண்டி ஓட்டப் போவதில் வியப்பில்லை.

இறுதியாகச் சில நடைமுறைக் குறிப்புகள். வெளிநாட்டிலிருந்து வருவோர் கத்தியைக் கையில் கொண்டு வரும் பையில் வைக்கக் கூடாது. விமான நிலையத்தில் பறித்து விடுவார்கள். வாயைக் கடதாசி மட்டையால் சுற்றி, சாமான் பெட்டிக்குள் வைத்து அனுப்ப வேண்டும். உலைக் கத்தி வேலை முடிந்ததும் ஈரம் துடைத்து, ஒரு துளி தேங்காயெண்ணெயோ பழைய இயந்திர எண்ணெயோ பூசி வைத்தால் மாரியிலும் கறள் பிடிக்காது. கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றுக்கு எவர்சில்வரும் புள்ளி புள்ளியாகக் கெடும். அதையும் துடைத்தே வைக்க வேண்டும். பெரும்போகத்துக்கு வேண்டிய கத்திக்கான ஓடரை ஆவணிக்குள் கொடுத்துவிடுங்கள். முதல் மழை கண்டதும் எல்லோரும் மண்வெட்டியுடன் உலை வாசலுக்கு ஓடுவார்கள். அந்த நெருக்கடியில்தான் இரண்டாம் சூடு காட்டாமல் விடப்படுகிறது.